பாலண்ணை கழுவி வைத்த சட்டிகள்

செய்தி வந்தபோது நான் கடையின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. மரக்கறி வான்காரன் இறக்கிவிட்டுப்போன லீக்ஸ் பெட்டியும் கோவாப் பெட்டியும் வாசலில் கிடந்தன. எனக்கு முன்பே வந்து ஷட்டரைத் தூக்கி வைத்திருக்கும் மனிதரைக் காணவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. வரட்டும், இண்டைக்கு இருக்கு என்று மனதுக்குள் வசனம் தயாரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவருடைய மகள் துளசி எர்லாங்கனிலிருந்து அழைத்தாள். "ராஜி அன்ரி, அப்பா போயிட்டார்" என்றாள். மொத்தச் சந்தைக்குப் போன இடத்தில், காரை நிறுத்திவிட்டு இறங்கும் முன்பே, மாரடைப்பு. நான் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே தெருவைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். சுற்றி வந்து பார்த்தால் பெட்டிகள் அங்கேயே கிடந்தன. திட்டுவதற்கு வைத்திருந்த வசனத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாமல் இருக்கிறது. இந்த நினைவுக் கட்டுரையைக்கூடச் சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றபடிதான் எழுதுகிறேன்.

சிவபாலன் என்கிற பாலண்ணையை, ஜெர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சனில், அறியாத தமிழர் குறைவு. 'சைனீஸ் பாலன்' என்றால் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் உங்களில் பலர் அறிந்தது கோயில் திருவிழாவில் தேர்வடம் பிடித்தவரை. நான் அறிந்தது, சீனக் கடையின் சமையலறைச் சாளரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதரை. அவர் தட்டை நீட்டுவார், நான் வாங்கி மேசைக்குக் கொண்டுபோவேன். என் பிள்ளைகள் பாலர் பாடசாலைக்குப் போன காலத்திலிருந்து அதுதான் எங்களுக்கிடையிலான உறவு. "நீங்கள் இருவரும் ஒருநாள் சண்டை பிடிக்காவிட்டால் யாருக்கோ காய்ச்சல்" என்று கடைச் சொந்தக்காரி வாங் அக்கா சொல்வார். சண்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான் தட்டைப் பிந்தி எடுத்தேன் என்று அவர் கத்துவார், அவர் பிந்தித் தந்தார் என்று நான் கத்துவேன். அடுத்த நாள் காலை "தேத்தண்ணி குடிச்சிட்டீரோ?" என்று கேட்பார். அத்தோடு கணக்குத் தீர்ந்துவிடும்.

அகதியாக வந்த புதிதில் அந்தக் கடைக்குக் கோப்பை கழுவப் போனவர் அவர். முன்பக்கத்தில் ஜெர்மன்காரருக்கு வாத்துப் பொரியலும் இனிப்புப் புளிப்புக் கோழியும் போகும். பின்பக்கத்தில் வாங் அக்கா தன் பிள்ளைகளுக்கு வேறு சமைப்பார்: தக்காளி முட்டைப் பிரட்டல், கையால் கிழித்த கோவா இலையில் காய்ந்த மிளகாய் போட்ட வறை, ஆவியில் அவித்த முட்டை, இஞ்சி வெட்டிப் போட்ட மீன். ஒருநாள் பாலண்ணை கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு வந்து, இதை ஏன் விற்பதில்லை என்று கேட்டாராம். "இது வீட்டுச் சாப்பாடு. இதைத் தின்னக் கடைக்கு யார் வருவார்?" என்று வாங் அக்கா சொல்லியிருக்கிறார். "வீடு தூரத்தில இருக்கிறவன் வருவான்" என்றாராம் இவர். வாங் அக்கா சிரித்துவிட்டு, அப்படியென்றால் நீயே செய் என்று கரண்டியைக் கையில் கொடுத்தார். கொஞ்சக் காலத்தில் போஹும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் சீனப் பிள்ளைகள் ரயில் ஏறி வந்து, பலகையில் எழுதாத அந்தச் சாப்பாட்டைக் கேட்கத் தொடங்கினார்கள். சமைக்கிறவர் யாழ்ப்பாணத்தான் என்று தெரிந்ததும் சாளரத்தால் எட்டிப் பார்த்து அதிசயப்படுவார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

தக்காளி முட்டையில் சீனி போடுவதா இல்லையா என்பது சீனரிடையே தீராத வழக்கு. இது எங்களுக்கு முதலில் தெரியாது. ஒருமுறை ஒரே மேசையில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகள் அதற்காகச் சண்டை பிடித்து, ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். நான் பதறிப்போய் உள்ளே சொன்னேன். பாலண்ணை ஏப்ரனோடு வெளியே வந்து, ஒவ்வொருத்தியிடமும் அவள் எந்தப் பக்கத்துக்காரி, அவளுடைய அம்மா சீனி போடுவாவோ, முட்டையை முதலில் எடுத்து வைப்பாவோ, தக்காளியோடு விட்டுவிடுவாவோ என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டார். பிறகு உள்ளே போய் இரண்டு தட்டுச் செய்து அனுப்பினார். "சாப்பாட்டுக்குச் சண்டை பிடிக்கிறவை நல்ல பிள்ளையள். பேசாமல் சாப்பிட்டிட்டுப் போறவையைத்தான் எனக்குப் பயம்" என்றார் என்னிடம். அன்று முதல் தக்காளி முட்டை கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் அம்மாவின் கைப்பக்குவத்தை விசாரித்துக்கொண்டு வரும் வேலையும் எனக்குச் சேர்ந்தது.

எங்கள் ஆட்களிடம் அவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒருமுறை கோயில் நிர்வாக சபையினர் கூட்டமாக வந்தார்கள். அவர்களைக் கௌரவிக்க வேண்டும் என்று நினைத்து, உருளைக்கிழங்கை நூல்போலச் சீவி வினாகிரியில் பிரட்டும் அந்தச் சாப்பாட்டைச் செய்து அனுப்பினார். அது கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும், அதுதான் அதன் பதம். தலைவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "தங்கச்சி, கிழங்கு அவியேல்லை. இன்னும் கொஞ்சம் அவிச்சுக்கொண்டு வரச் சொல்லும்" என்றார். நான் தட்டைச் சாளரத்தில் வைத்து, தலைவர் சொன்னதை அப்படியே சொன்னேன். பாலண்ணை தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முழுக் கிழங்கை அவித்து, மசித்து, மஞ்சள் போட்டு, கடுகு தாளித்துக் கொடுத்தார். "பாலன், இதல்லோ சாப்பாடு" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எந்தத் தமிழருக்கும் அவர் அந்தக் கிழங்கைக் கொடுக்கவில்லை. கொழும்புக் கடை ருசியில் ஃப்ரைட் ரைஸ் கேட்டவர்களுக்கு "அதுக்குக் கொழும்புக்குப் போங்கோ" என்று சாளரத்தால் பதில் வரும்.

இவ்வளவும் தெரிந்த எனக்கு ஒன்று தெரியவில்லை என்பது தகனம் முடிந்த பிறகுதான் உறைத்தது. அவருடைய மனைவி வசந்தி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "ராஜி, எட்டுச் செலவுக்கு என்ன வைக்கிறது? அவருக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டா.

எட்டுச் செலவு என்கிற எட்டாம் நாள் படையல் எங்கள் வழக்கம். இறந்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம், மச்சம் மாமிசம் உட்பட, சமைத்து அவருடைய படத்துக்கு முன்னால் இலையில் படைப்பது. படைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். ஒரு மனைவி இதை ஊரிடம் கேட்பதில்லை. நான் திகைத்துப்போனதைக் கண்டு அக்கா தலையைக் குனிந்துகொண்டா. "கல்யாணம் கட்டின நாளிலயிருந்து அவர் எனக்கு முன்னால இருந்து சாப்பிட்டதைக் காணேல்லை. கிழமை நாளில கடையில சாப்பிட்டுவிடுவார். திங்கட்கிழமை கடை பூட்டு. நான் சமைச்சு வைச்சிட்டு மத்தியானம் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போயிடுவன். லீவில நிண்டாலும் 'நீர் சாப்பிடும், நான் பேந்து சாப்பிடுறன்' எண்டுவார். திரும்பி வந்து பாத்தால் சட்டி கழுவிக் கவிட்டுக் கிடக்கும். ஆனால் ராஜி, ஒரு தட்டு நனைஞ்சிருக்காது."

எனக்கு விளங்கவில்லை. அக்காவே சொன்னா: "தட்டில போடாமல் என்னெண்டு சாப்பிடுறது? கொட்டிப்போட்டுச் சட்டியைக் கழுவியிருக்கிறார். சீனச் சாப்பாடு சாப்பிட்டு நாக்கு மாறிப்போன மனுசனுக்கு என்ரை கறி எங்க பிடிக்கும்?" கேட்டுப் பார்க்கவில்லையா என்றேன். "சாப்பிட்டீங்களோ எண்டால் ஓம் எண்டுவார். அந்த ஓமுக்கு மேல ஒரு சொல் வராது. கீழ குப்பைத் தொட்டியைத் திறந்து பாக்கலாம் எண்டு எத்தினையோ தரம் நினைச்சன். பாத்து, அதுக்குள்ள கிடந்தால்?" என்று சொல்லிவிட்டு அழாமல் நின்றா. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு என் கால் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. யாரைக் கேட்டாலும் ஒரு பதில் இருந்தது, ஒன்றும் உதவவில்லை. பரிசிலிருந்து வந்திருந்த அவருடைய தமையன் "அவனுக்கு நண்டெண்டால் உயிர்" என்றார். அது மீசை முளைக்காத காலத்துப் பாலன். கோயில் தலைவர், "சைனீஸ்தானே, ஃப்ரைட் ரைஸ் வையுங்கோ" என்றார். துளசி அழுதுகொண்டு, "எனக்கு என்ன விருப்பம் எண்டு அப்பாக்குத் தெரியும் அன்ரி" என்றாள். நான் வீட்டில் தக்காளி முட்டை செய்து பார்த்தேன், கோவா வறை செய்து பார்த்தேன். செய்தவற்றை என் மனுசன் பேசாமல் சாப்பிட்டார். இந்த மனிதர் அத்தனை வருடம் அந்தச் சாளரத்துக்குப் பின்னால் என்னதான் சாப்பிட்டார்? என் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். கடைசி மேசை எழும்பும்போது நான் பிள்ளைகளைக் கூட்டிவர ஓடிவிடுவேன். "முதல்ல ஆக்கள் சாப்பிடட்டும்" என்று அவர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்டதில்லை. கண்டிருக்கக்கூடியவர் ஒருவர்தான்.

வாங் அக்கா வயதுபோய், கடையைப் பாலண்ணையின் பொறுப்பில் விட்டுவிட்டு டுசல்டோர்ஃபில் மகனோடு இருக்கிறார். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் இருந்து பேச என்னால் முடியாது என்று ரயில் ஏறிவிட்டேன். வாங் அக்காவின் ஜெர்மனும் என் ஜெர்மனும் வகுப்புக்குப் போகாத ஜெர்மன். அதனால்தான் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கும். கேள்வியைக் கேட்டதும் அவர் எழுந்துபோய்த் தன்னுடைய சீனச் சட்டியை எடுத்துவந்தார். "கடைசி ஆள் சாப்பிட்டு முடிந்ததும் இந்தச் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போடுவான். ஒட்டிக்கிடக்கிற சாறு, இஞ்சி, வெங்காயம் எல்லாவற்றையும் கையால் துடைத்துப் பிரட்டி, நின்றபடி சாப்பிடுவான். சட்டி என்ன தட்டா என்று நான் ஏசுவேன். ஏச்சுக்குப் பயந்து உடனே கழுவி வைத்துவிடுவான். தனக்கென்று அவன் ஒன்றும் சமைத்து நான் பார்க்கவில்லை."

நானும் வீட்டில் அப்படிச் சாப்பிட்டிருக்கிறேன், நீங்களும்தான். கறி இறக்கிய சட்டிக்குள் சோற்றைப் போட்டுத் துடைத்துச் சாப்பிடும் ருசி தெரியாத தமிழர் உண்டா? எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. நேரே வசந்தி அக்காவிடம் ஓடினேன். அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடையில அப்பிடிச் சாப்பிட்டிருப்பார். நல்ல சாப்பாடு. என்ரை சட்டியை அப்பிடித் துடைச்சவர் எண்டு ஆர் கண்டது?" என்றா. "நீர் எனக்கு ஆறுதல் சொல்லுறீர், ராஜி. எட்டுக்குக் கடையில இருந்து ஏதும் செய்விப்பம். என்ரை கையால ஒண்டும் வைக்கமாட்டன். உயிரோட இருக்கேக்க வேண்டாமெண்டதைச் செத்த பிறகு திணிக்கிறதோ?"

அன்றைக்குச் சடங்கைக் கடையிலேயே வைத்தோம். வீட்டில் இடம் போதாது என்பது வெளியே சொன்ன காரணம். வாங் அக்காவை மகன் காரில் கொண்டுவந்து விட்டான். அந்த வயதிலும் சட்டியைப் பிடித்து, பாலண்ணை செய்த வீட்டுச் சாப்பாடெல்லாவற்றையும் அவரே சமைத்தார். நான் வெட்டிக் கொடுத்தேன். வசந்தி அக்கா ஒரு மூலைக் கதிரையில் விருந்தாளிபோல இருந்தா. படத்துக்கு முன்னால் வெறும் இலை கிடந்தது. அந்தக் கோலம் எனக்குத் தாங்கவில்லை. வாங் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வசந்தி அக்காவுக்கு முன்னால் நிறுத்தி, "அவர் இவவின்ரை சமையலைப் பற்றி உங்களிட்டை எப்பவாவது ஏதும் சொன்னவரோ? ஒரு சொல்லாவது?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

வாங் அக்கா யோசித்தார். "சொல்லவில்லை. அவன் எங்கே சொன்னான்" என்றார். பிறகு அவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "ஆனால் அந்தத் தடி எனக்கு இங்கே மாட்டிக்கொண்டது" என்றார்.

என்ன தடி என்று கேட்டோம். ஒரு திங்கட்கிழமை வாங் அக்கா கடைப் பூட்டின் திறப்பைத் தொலைத்துவிட்டு, மற்றத் திறப்பை வாங்கப் பாலண்ணை வீட்டுக்குப் போனாராம். பாலண்ணை கதவைத் திறந்தபோது ஒரு கையில் சட்டி, மற்றக் கை முழுக்கச் சோறு. இங்கேயும் சட்டிதானா என்று இவர் ஏச, அவர் சிரித்துக்கொண்டு, சாப்பிட்டுப் பார் என்று சட்டியிலிருந்தே ஒரு பிடி கொடுத்திருக்கிறார். "உறைப்பு என்றால் அப்படி ஓர் உறைப்பு. அதற்குள் பச்சையாக ஒரு நீளத் தடி. நான் மென்று மென்று பார்த்துவிட்டு முழுதாக விழுங்கப் பார்த்தேன். முதுகில் அடித்து வெளியே எடுத்தான். சப்பித் துப்ப வேண்டுமாம், அதை முதலே சொல்ல வேண்டாமா? அவன் பாட்டுக்குச் சட்டியைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டான். எனக்கு இன்னொரு வாய் தரவில்லை. முடிந்துவிட்டது என்றான்."

நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. வசந்தி அக்காவும் இந்த நாட்டில் அத்தனை வருடம் வேலை செய்தவதானே. "முருங்கைக்காய்" என்றா. "முருங்கைக்காய்க் கறி. திங்கட்கிழமையில வைக்கிறனான்." பிறகு யாரிடமும் சொல்லாத குரலில், "அப்ப சாப்பிட்டிருக்கிறார்" என்றா. கதிரையை விட்டு எழுந்து, மேலங்கிகூடப் போடாமல் வெளியே போய்விட்டா.

அவர்களுடைய வீடு பக்கத்துத் தெருதான் என்றாலும் அவ திரும்பி வர மதியம் தாண்டிவிட்டது. பரிஸ் தமையன் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தார். நேரம் போகுது, படைச்சு முடியுங்கோ என்று மூன்று பேரைப் பிடித்து என்னிடம் சொல்லவைத்தார். அக்கா துணியால் பிடித்த சூடான சட்டியோடு உள்ளே வந்தா. இலைப் பக்கம் போகவில்லை. நேரே மேசைகளுக்குப் போய், வந்திருந்தவர்களுக்குப் பரிமாறத் தொடங்கினா. எங்கள் ஆட்களுக்கு, அண்டை வீட்டு ஜெர்மன் சோடிக்கு, தகவல் கேள்விப்பட்டு வந்திருந்த சீனப் பிள்ளைகளுக்கு, எல்லாருக்கும். தமையன் எழும்பி நின்றுவிட்டார்.

"வசந்தி, என்ன செய்யிறீர்? அவனுக்குப் படைக்க முதல் ஆக்களுக்குக் குடுக்கிறதோ? மிச்சத்தையோ அவனுக்கு வைக்கப் போறீர்?"

அக்கா அகப்பையை நிறுத்தவில்லை. "அவர் ஒருநாளும் முதல் பந்தியில இருந்ததில்லை, அண்ணை. இண்டைக்கு இருத்தினால் எழும்பிப் போயிடுவார். நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ."

தமையன் கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு இருந்தார். வாங் அக்காவுக்கு முருங்கைக்காயைச் சப்புவது எப்படி என்று துளசி பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுத்தாள். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு வசந்தி அக்கா வெறுஞ்சட்டிக்குள் சோற்றைப் போட்டு, அடியையும் விளிம்பையும் கையால் துடைத்துப் பிரட்டி, அந்த ஒரு பிடியை அவருடைய இலையில் வைத்தா. கற்பூரம் கொளுத்தினார்கள். ஊரில் என்றால் படைத்ததில் ஒரு பங்கைச் சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள். இங்கே சந்தியில் வைத்தால் மாநகரசபை ஆள் வந்து பெயர் விலாசம் கேட்பான். அதனால் பின்முற்றத்தில் காகத்துக்கு வைத்தோம். வந்தது மைனா மாதிரி ஏதோ ஒரு ஜெர்மன் பறவை. பரவாயில்லை, அதுவும் சாப்பிட்டது.

இப்படியான கட்டுரையில் இறந்தவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும். எழுதிவிட்டேன். ஆனாலும் பாலண்ணை, எனக்கு உங்கள்மேல் கோபம். ஊர் பேர் தெரியாத பிள்ளைகளிடமெல்லாம் உன் அம்மா முட்டையை எப்படிப் பொரிப்பா என்று விசாரித்துக்கொண்டு வரச் சொல்லி என்னை ஓட்டினீர்கள். உங்கள் வீட்டில் உங்களுக்காகவே ஒரு கறி கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சட்டி தேயத் தேயத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு என்று ஒரு சொல் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. சட்டியைக் கழுவி வைத்தால் அவ விளங்கிக்கொள்வா என்று நினைத்தீர்களாக்கும். விளங்கவில்லை, அண்ணை. அத்தனை வருடமாக அவ குப்பைத் தொட்டியைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தா.

உங்களிடமிருந்து நான் எனக்கென்று வைத்திருப்பது இந்தக் கோபத்தைத்தான். இதை ஆறவிடமாட்டேன். போன கிழமை என் மனுசன் சமைத்த மீன்கறியைச் சாப்பிட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், "கறி நல்லாயிருக்கு" என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மனுசன் பயந்துபோய்க் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏன், டொக்டர் ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டார்.